மாசியில் மொச்சை முடியும், மாவடு தொடங்கும்

மாசி பிறந்த முதல் சில வாரங்களில் உழவர் சந்தைக்குப் போனால் இரண்டு பருவங்களை அடுத்தடுத்த கடைகளில் பார்க்கலாம். ஒரு கடையில் பனிக்காலத்து மொச்சையும் அவரையும் கடைசிப் பறிப்பாக வந்திருக்கும். அடுத்த கடையில் அந்த ஆண்டின் முதல் மாவடு இறங்கியிருக்கும். ஒரு மூலையில் பனங்கிழங்குக் கட்டுகள், எதிர்ப்புறம் முதல் தர்பூசணி. போகிற காயும் வருகிற காயும் இப்படி ஒன்றாகக் கூடுவது இந்தச் சமயத்தில்தான்.

மாசியும் பங்குனியும் நம் கணக்கில் பின்பனிக் காலம். விடியலில் மட்டும் கொஞ்சம் பனி இருக்கும், பகலில் வெயில் நாளுக்கு நாள் ஏறும். உள் மாவட்டங்களில் அநேகமாக மழை இருக்காது, காற்றில் ஈரமும் குறைந்திருக்கும். வாங்கியதை உலர்த்தவும் உப்பில் ஊறவைக்கவும் இதைவிட ஏற்ற காலம் இல்லை. சித்திரையில் கோடை மழை இறங்கிவிட்டால் மாடியில் காயும் வற்றல் நனைந்து பூஞ்சை பிடிக்கும். அதனால் இந்த இரண்டு மாதமும் இரண்டு பைகளோடு போங்கள். ஒன்று இன்றைய சமையலுக்கு, மற்றொன்று ஆண்டு முழுமைக்கும் எடுத்துவைப்பதற்கு.

எதை எந்தப் பையில் போடுவது என்று தெரிய ஒரு கேள்வி போதும். விற்பவரிடம், "அண்ணே, இது இன்னும் எத்தனை வாரம் வரும்?" என்று கேளுங்கள். சில்லறைக் கடைக்காரருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. மொத்தச் சந்தையில் நாளைக்கு எது இறங்குகிறதோ அதுதான் அவருக்குச் சரக்கு. செடியைத் தினமும் பார்க்கிறவர், "இந்த வாரத்தோட சரி, கொடி காஞ்சு போச்சு" என்றோ, "இப்பத்தான் பூ விட்டிருக்கு, பங்குனி கடைசி வரைக்கும் வரும்" என்றோ சொல்லிவிடுவார். முதல் பதில் வந்தால் இன்றே வாங்குங்கள். இரண்டாவது பதில் வந்தால் அவசரம் வேண்டாம், வரத்து கூடக்கூட விலையும் இறங்கும்.

யாரிடம் வாங்குகிறோம்

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க, எதிரே இருப்பவர் விளைவித்தவராக இருக்க வேண்டும். உழவர் சந்தை என்ற ஏற்பாடே அதற்காக வந்தது. முதல் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போது முதல்வராக இருந்தவர் மு. கருணாநிதி. பஞ்சாபில் 1987இல் தொடங்கிய அப்னி மண்டியும், ஆந்திரத்தில் அதே 1999இல் வந்த ரைத்து பஜாரும் அதற்கு முன்னோடிகள். 2001இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் களையிழந்தன. 2006க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றன. இன்று மாநிலம் முழுக்க 180க்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன.

விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை உண்டு. கடைக்கு வாடகை கிடையாது. ஒவ்வொரு நாள் காலையும் பக்கத்து மொத்தச் சந்தையின் விலையைப் பார்த்து, அன்றைய விலையைப் பலகையில் எழுதுவார்கள். விவசாயிக்கு மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வாங்குகிறவருக்கு வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அமைய வேண்டும் என்பதே அந்த விலையின் நோக்கம். ஆகவே பலகையில் உள்ள விலையைக் கொடுத்து வாங்குவதே முறை. அதற்கும் கீழே பேரம் பேசினால் இடைத்தரகரின் வேலையை நாம் செய்தவர்களாவோம்.

எல்லாக் கடையிலும் விவசாயியே இருப்பார் என்று சொல்ல முடியாது. அட்டையைப் பார்க்கத் தயங்க வேண்டாம். அதற்கு முன்னாலேயே கடையைப் பார்த்து ஓரளவு கணிக்கலாம். சமவெளியில் ஒரே ஆள் பதினைந்து வகைக் காய்களை ஒரே அளவாகப் பொறுக்கி அடுக்கி, நடுவில் கேரட்டும் பீன்ஸும் வைத்திருந்தால் அவை அவருடைய வயலில் விளைந்தவையாக இருக்காது. விளைவித்தவரின் கடையில் இரண்டு மூன்று பொருள்தான் இருக்கும். காய் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். கீரைக்கட்டின் வேரில் மண் ஒட்டியிருக்கும்.

காலை ஆறு மணிக்குச் சந்தை களைகட்டிவிடும். பங்குனி வெயிலில் கீரை எட்டரைக்கே துவண்டுபோகும் என்பதால் கீரை வாங்குகிறவர்கள் ஏழுக்குள் போய்விடுவது நல்லது. முளைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி எதுவானாலும் வேரோடு வாங்கி, கழுவாமல், ஈரத் துணியில் சுற்றி வையுங்கள், மறுநாள் வரை நிற்கும். கடை கட்டும் நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒன்பதரைக்குப் போவதை நான் ஆதரிப்பதில்லை. மிச்சத்தைத் திரும்பத் தூக்கிப் போக முடியாத நெருக்கடியில் அவர் கொடுக்கும் விலை அது. பையும் சில்லறையும் கையோடு இருக்கட்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது.

முதலில், விடைபெறுபவை

பச்சை மொச்சையும் பச்சைத் துவரையும் தை மாதக் காய்கள். மாசி முதல் பாதியோடு அநேகமாக முடிந்துவிடும். இந்தக் கடைசிப் பறிப்பில் முற்றல் அதிகம் இருக்கும். காயைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பருப்பு புடைத்திருக்க வேண்டும், தோல் மட்டும் பச்சையாகவே இருக்க வேண்டும். தோல் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் பருப்பு மாவுத்தன்மை ஏறி, குழம்பில் வேக நேரமெடுக்கும். சிறு ஓட்டை இருக்கும் காயில் புழு இருக்கும், அதை மட்டும் ஒதுக்கினால் போதும். உரித்தால் எடையில் பாதிகூடத் தேறாது என்பதால் நாலு பேருக்குக் குழம்பு வைக்க ஒரு கிலோ காய் வாங்குங்கள். உரித்த பருப்பைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து ஆறவைத்து, உறைபெட்டியில் வைத்தால் சித்திரையிலும் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம்.

தென்மாவட்டங்களில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் இதே சமயத்தில் விடைபெறும். சிறுகிழங்கின் மேல் ஒட்டிய மண் உலர்ந்து உதிர வேண்டும். ஈரமாக இருந்தால் எடைக்காக நனைத்திருக்கலாம், இரண்டு நாளில் அழுகிவிடும். பனங்கிழங்கு கடைசிப் பருவத்தில் நாரேறும், அதனால் பருத்ததைவிட நடுத்தரக் கிழங்கை எடுங்கள்.

எலுமிச்சையை மாசியிலேயே வாங்கிவிடச் சொல்வேன். வெயில் ஏற ஏற அதன் விலையும் ஏறும், பங்குனிக் கடைசியில் ஒரு பழத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டிவரும். தோல் மெல்லியதாக, கையில் கனமாக இருக்கும் பழத்தை எடுத்து ஊறுகாய் போட்டுவிட்டால் கோடை முழுவதும் கவலை இல்லை. தக்காளி நேர் எதிர். பல ஆண்டுகளில் மாசி, பங்குனியில் வரத்து மிகுந்து விலை விழும். அந்த வாரத்தில் ஐந்து கிலோ வாங்கித் தொக்கு போடுங்கள். நமக்கும் மாதக்கணக்கில் உதவும், பறிகூலிகூடத் தேறாமல் தவிக்கும் விவசாயிக்கும் உதவும்.

மாவடு

இந்தப் பருவத்தின் தலைவன் மாவடுதான். இதற்காகவே மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடு வரை வாரம் ஒருமுறையாவது சந்தைக்குப் போகலாம். மதுரைப் பக்கம் அழகர்மலை வடுவுக்கும் நத்தம் வடுவுக்கும் தனி மதிப்பு. சேலத்துச் சந்தைகளிலும் நிறைய வரும்.

வடுவைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஊறுகாயின் ஆயுள் இருக்கிறது. முதலில் காம்பைப் பாருங்கள். காம்போடு இருந்தால் மரமேறிப் பறித்த வடு. காம்பு இல்லாமல், ஒரு பக்கம் கறுத்து அடிபட்டிருந்தால் காற்றில் உதிர்ந்து தரையிலிருந்து பொறுக்கியது. அடிபட்ட ஒரு வடு ஜாடிக்குள் போனால் அது முதலில் கொழகொழத்து, பிறகு சுற்றியிருப்பதையும் கெடுக்கும். அடுத்து, காம்பைக் கிள்ளினால் பால் கசிய வேண்டும். கசிந்தால் பறித்து அதிக நேரம் ஆகவில்லை. மூன்றாவதாக ஒரு வடுவைக் கடித்தோ நகத்தால் கீறியோ பாருங்கள். கொட்டை இன்னும் ஓடு பிடிக்காமல் மென்மையாக இருக்க வேண்டும். ஓடு பிடித்துவிட்டால் அது வடு இல்லை, மாங்காய். அதற்கு ஆவக்காயும் தொக்கும் இருக்கின்றன.

வாங்கி வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள். காம்பை அரை விரல் அளவு விட்டு நறுக்கி, கழுவி, துணியில் பரப்பி, துளி ஈரமும் இல்லாமல் நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோ வடுவுக்கு இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பூசிப் புரட்டுங்கள். பிறகு 150 முதல் 200 கிராம் வரை கல்லுப்பு சேர்த்துப் பீங்கான் ஜாடியில் அடுக்குங்கள். தூள் உப்பு வேண்டாம். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவிட, நாலைந்து நாளில் உப்பு கரைந்து வடுவிலிருந்து நீர் இறங்கும், தோல் சுருங்கத் தொடங்கும். அப்போது அந்த உப்பு நீரிலேயே கொஞ்சம் எடுத்து, 50 கிராம் காய்ந்த மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி கடுகு, சிறிது மஞ்சள் சேர்த்து அரைத்து ஊற்றிக் கலக்குங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வடு ஊறித் தயிர்சாதத்துக்கு ஆகும். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த மாசி வரை வரும். உப்பைக் குறைத்துப் போட்டு ஆரோக்கியமாகச் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வடுவைக் கெடாமல் காப்பதே அந்த உப்புதான். உப்பைக் குறைக்க வேண்டுமானால் சாப்பிடும் வடுவின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

புளி, வற்றல், வேப்பம்பூ

மாசி முதல் பங்குனி முடிய புதுப் புளி இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் பழக்கம் பல வீடுகளில் விட்டுப்போயிருக்கிறது. அதை மீட்டுக்கொள்வது நல்லது. மாதம் எவ்வளவு புளி கரைக்கிறீர்கள் என்று பார்த்துப் பன்னிரண்டால் பெருக்கினால் உங்கள் தேவை தெரிந்துவிடும். புதுப் புளி செம்பழுப்பாக இருக்கும், நாளாக ஆகக் கறுக்கும். புதிது என்று சொல்லிக் கறுத்த புளியைக் காட்டினால் அது போன ஆண்டுச் சரக்கு. பத்தியச் சமையலுக்குப் பழைய புளியையே தேடி வாங்குகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு அது சரி.

விலையை ஒப்பிடும்போது கொட்டையை மறக்காதீர்கள். ஓடு நீக்கிய புளியிலும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையே இருக்கும். கொட்டை எடுத்த புளி கிலோவுக்குக் கூடுதலாகத் தெரிந்தாலும், எடுக்கும் கூலியையும் கழிவையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் நியாயமான விலைதான். வாங்கியதை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, நாரும் ஓட்டுத் துண்டும் பொறுக்கி, இடையிடையே கல்லுப்பு தூவி மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அழுத்தி வையுங்கள். பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் ஆகாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை, மோர் மிளகாய்க்கான குண்டு மிளகாய் எல்லாம் வற்றலுக்கு வாங்க வேண்டியவை. சுண்டைக்காயில் முற்றாத, விதை கடினமாகாத காயை எடுங்கள். லேசாக நசுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் காயில் ஏறும்வரை இப்படிச் செய்து, கடைசியில் கலகலவென்று சத்தம் கேட்கும் அளவுக்குக் காயவிடுங்கள். காய்ந்த மிளகாய்க்கும் இதுவே அறுவடைக் காலம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் மாசியிலிருந்து களத்தில் காயத் தொடங்கும்.

பங்குனியில் வேப்பம்பூ. மரத்தடியில் துணி விரித்துச் சேகரித்துக் கூறு கட்டி விற்பார்கள். குச்சியும் இலையும் குறைவாக, வெண்மை மாறாமல் இருக்கும் பூவை வாங்கி, ஈரம் போகக் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட்டால் ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப் பூவே வேண்டும் என்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவைக்கலாம்.

கோடையின் முதல் வரவுகள்

தையில் கைக்கு எட்டாத விலையில் இருக்கும் முருங்கை மாசிக் கடைசியில் இறங்கத் தொடங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.-1 போன்ற செடிமுருங்கை பரவியபின் பங்குனி வரத்து மிகவும் பெருகிவிட்டது. காயைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் பிஞ்சு. விதை இருக்குமிடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, முறுக்கினால் விறைத்து நின்றால் சாம்பாரில் சக்கைதான் மிஞ்சும்.

தர்பூசணி விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வரத் தொடங்கும். தரையில் படிந்திருந்த இடத்தில் ஒரு திட்டு இருக்கும். அது வெள்ளையாக இருந்தால் காய், நல்ல மஞ்சளாக இருந்தால் பழம். தட்டினால் ஆழ்ந்த சத்தம் வர வேண்டும். 2025 கோடையில் நிறமேற்றிய தர்பூசணி என்ற அச்சம் பரவி, விலை கடுமையாகச் சரிந்து விவசாயிகள் பெரும் நட்டப்பட்டார்கள். துண்டு போட்டதைத் தவிர்த்து முழுப் பழமாக, விளைவித்தவரிடமே வாங்கினால் இந்த அச்சத்துக்கு இடமில்லை.

வெள்ளரிப் பிஞ்சு, முலாம்பழம், பலாப்பிஞ்சு ஆகியவை பங்குனியில் நிறைந்துவிடும். பலாப்பிஞ்சை நறுக்கினால் உள்ளே சுளை பிரியாமல் ஒரே சதையாக இருக்க வேண்டும். நுங்கு பங்குனிக் கடைசியில்தான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும் இளசுக்காக அதுவரை பொறுத்திருங்கள். மார்கழிப் பட்டத்தில் விதைத்த கடலை பங்குனியில் பிடுங்குவார்கள். மண்ணோடு வரும் அந்தப் பச்சைக் கடலையை உப்புப் போட்டு அவித்துத் தின்னும் வாய்ப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைப்பார்கள். வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே விளைந்து, சுமார் 70 நாளில் பங்குனியையொட்டி அறுவடைக்கு வரும். சந்தைக்குக் காய் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு வீட்டில் இந்தப் புது உளுந்து இருக்கும், ஆனால் கடையில் வைத்திருக்க மாட்டார்கள். "அக்கா, வீட்டுல உளுந்து இருக்கா?" என்று கேட்டால் அடுத்த முறை கொண்டுவருவார்கள். தோல் உளுந்தாக வாங்கி நன்றாகக் காயவைத்தால் ஆண்டு முழுவதும் இட்லிக்கு ஆகும்.

இதே பழக்கத்தை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ வடுவோ பத்துக் கிலோ புளியோ வேண்டுமானால் சந்தைக்குப் போன அன்று தேடாதீர்கள். முந்தின வாரமே ஒருவரிடம் சொல்லி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிடுங்கள். வடுவைக் காம்போடு பறித்துவர மரமேறும் ஆளை அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். சொன்ன நாளில் தவறாமல் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.